காரில் ஒரு பிழையும் இல்லை

யூட்சன் அந்தக் காரை வாங்கப்போகிறான் என்ற கதை, கார் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே ஜெர்மனியின் வூப்பெர்டாலில் இருந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்த்தவர் அவனுடைய அண்ணன் சில்வெஸ்டர். காதில் விழுந்ததை நாலு பேருக்குச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

“பிஸ்டனே இல்லாத எஞ்சினாம். உள்ளுக்க ஒரு முக்கோணம் கிடந்து சுத்துதாம்,” என்று, பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்களிடம் அவர் கையைச் சுழற்றிக் காட்டினார். “பெற்றோலையும் குடிக்கும், ஒயிலையும் குடிக்கும். ஒருநாளைக்கு நடுறோட்டில படுக்கும். படுத்தால் பிறகு எழும்பாது. உலகத்தில இவனுக்கு வேற கார் கிடைக்கேல்ல.”

யூட்சனுக்கு நாற்பத்து மூன்று வயது. பள்ளிக்கூட வயதில் அண்ணனோடு மன்னாரிலிருந்து வந்தவன். வெல்பேர்ட்டில் பூட்டுச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பூட்டிச் சரிபார்த்து ஓடவிடுகிற வேலை. மனைவி பற்றிமா, முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலை செய்தாள். மகள் மெலனி பத்தாம் வகுப்பில் படித்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர்களிடம் ஒரு வான் வண்டிதான் இருந்தது. அரிசி மூட்டை, பாட்டுக் குழுவின் ஒலிபெருக்கி, விமான நிலையத்தில் வந்து இறங்கும் சொந்தக்காரர், அவர்களுடைய பெட்டிகள் எல்லாம் அந்த வானில்தான் வந்தன. யூட்சன் அதைத் தனக்காக ஓட்டிய நாள் ஒன்றுகூட இல்லை என்று சொல்லலாம்.

அந்த எஞ்சினை அவன் முதலில் கேட்டது பெற்றோல் நிலையம் ஒன்றில். பக்கத்தில் நின்ற கார் புறப்பட்டபோது அதன் சத்தத்தில் தட்டும் இல்லை, உதறலும் இல்லை. ஒரே சீராக மேலே மேலே ஏறிக்கொண்டு போயிற்று. அன்று முதல் அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியவன் இரண்டு வருடம் வாசித்துக்கொண்டே இருந்தான்.

“வேலைக்குப் போற வழியிலயாவது எனக்கெண்டு ஒரு சந்தோசம் இருக்கட்டுமே,” என்றான் பற்றிமாவிடம்.

“சந்தோசமாப் போறதுக்கு இந்த வயசில சிவப்புக் காரோ? மெலனி இன்னும் மூண்டு வருசத்தில வேற ஊருக்குப் படிக்கப் போகப்போறாள். உங்களுக்கு விளையாட்டு.”

“வான் இருக்குத்தானே. அதுக்கு ஒண்டும் வராது.”

“நான் அதில ஏறமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்.”

அவள் சொன்னபடியே பல மாதம் ஏறாமல் இருந்தாள்.

கார் ஸோஸ்ட் என்ற ஊரில் இருந்தது. விற்றவர் ஒரு மிருக வைத்தியர். தலை நரைத்த பெண். வாங்க வந்தவன் கேட்பதற்கு முன்னரே, எஞ்சின் சூடாக இருக்கும்போது அதன் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று அவரே ஒரு கறாஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சோதனையில் குறை ஒன்றும் வரவில்லை. பிறகு, குழந்தையை ஒப்படைக்கிறவர் போல வரிசையாகச் சொன்னார்: சூடாகாமல் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உள்ளே பெற்றோல் நிறைந்து அடுத்தமுறை கிளம்பாது. ஒயிலை அடிக்கடி பார்க்க வேண்டும். நாளுக்கு ஒருதரமாவது எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டுகிற முள்ளைச் சிவப்புக் கோடுவரை போக விட வேண்டும், அடக்கி ஓட்டினால் அது நோயாளி ஆகிவிடும்.

மார்ச் மாதத்தில் அவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போவதற்கு வீட்டைவிட்டு முன்னதாகவே கிளம்பத் தொடங்கினான். பிரதான சாலையை விட்டு நெவிகெஸ் பக்கம் சுற்றிப் போகிற மேட்டுச் சாலையில் போனான். பள்ளத்தில் பனிமூட்டம் கிடக்கும். மேட்டில் மாடுகள் நிற்கும். மூன்றாவது கியரில் வளைவுக்குள் இறங்கி வெளியே வரும்போது முள் ஏறும். சிவப்புக் கோட்டுக்குக் கிட்டப் போனதும் “கியரை மாற்று” என்பதுபோலச் சின்னதாக ஒரு கூவல் கேட்கும். அந்தக் கூவலைக் கேட்கிறபோதெல்லாம் அவன் தனியே இருந்து சிரித்தான். தொழிற்சாலையில் உடை மாற்றும் அறையில் கூட நின்றவர்கள் “வந்துட்டார் பந்தயக்காரர்” என்று பகிடி பண்ணினார்கள். அதுவும் அவனுக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமை காலைகளில் முன்மூடியைத் திறந்துவைத்து ஒயில் பார்ப்பதும், துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பதுமாக நின்றான். பின்கதவுகள் அலுமாரிக் கதவு போல மறுபக்கம் திறப்பதால் மெலனிக்கு அதில் பெரிய பெருமை. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது வேண்டுமென்றே மெதுவாக இறங்குவாள்.

கார் முதன்முதலாக நின்றது யூன் மாதத்தில், ஒரு சிவப்பு விளக்கில். பச்சை விழுந்ததும் அவன் கிளச்சை விட்டான். கார் ஒரு உதறு உதறி அணைந்துபோயிற்று. கவனக்குறைவு என்று நினைத்தான். அடுத்த கிழமையும் அப்படி நடந்தது. பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றாயிற்று. கிளச் மிதி முந்தியைவிடப் பாரமாக இருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. சில நேரம் மிதித்ததுபோல இருக்கும். ஆனால் கியர் விழாமல் கரகரக்கும். சில நேரம் கால் வைத்த இடத்திலிருந்து மிதி தானாக நழுவி மேலே வந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணினிக்கு முன்னால் இருந்து, அந்த எஞ்சின்காரர்கள் கூடிக் கதைக்கிற பக்கங்களை எல்லாம் தேடித் தேடி வாசித்தான். அந்தக் காருக்கு வராத வியாதியே இல்லை என்பதுபோல எல்லாம் எழுதியிருந்தார்கள். அதனால் தன் காருக்கு ஏதோ வந்துவிட்டது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வேறு ஒன்றிரண்டு விஷயங்களும் அந்தக் கோடையில் நடந்தன. படி ஏறும்போது ஒருநாள் தடுக்கி விழப்பார்த்தான். வேலைச் சப்பாத்துத்தான் பாரம் என்று வேறு சப்பாத்து வாங்கினான். படுக்கையில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கிளச்சோடு மல்லுக்கட்டுவதால் வந்த பிடிப்பு என்று பற்றிமாவிடம் சொன்னான்.

“அதுதான் வித்துப்போடுங்கோ எண்டு சொல்லுறன். காருக்குச் செய்த ஊழியத்தில கால்நோவுதான் மிச்சம்,” என்று சொல்லிக்கொண்டு அவள் தைலத்தைத் தேய்த்துவிட்டாள்.

ஓகஸ்டில் கேவலார் மாதா திருவிழா. ஜெர்மனியில் இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கர் எல்லாரும் அங்கே கூடுவார்கள். பற்றிமாவும் மெலனியும் அண்ணன் குடும்பத்தோடு வானில் போனார்கள். யூட்சன் காரில் போனான். பூசை முடிந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் வாகனத் தரிப்பிடத்தை விட்டு வெளிக்கிட்ட வேளை, வெளிவாசலின் சின்ன ஏற்றத்தில் அவனுடைய கார் நின்றது. திருப்பிக் கிளப்பினான், உதறி நின்றது. மறுபடியும் கிளப்பினான். பின்னால் வரிசை நீண்டுகொண்டு போயிற்று. யாரோ ஹோர்ன் அடித்தார்கள். பெடியன்கள் சிலர் கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். சில்வெஸ்டர் வானிலிருந்து இறங்கி வந்து, “தள்ளுங்கோடா எல்லாரும், அண்டைக்கே சொன்னனான் இவனுக்கு,” என்று சத்தம் போட்டார். பட்டுவேட்டி கட்டிய நாலைந்து பேர் சேர்ந்து, சிவப்புக் காரைச் சிரித்துச் சிரித்துத் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக விட்டார்கள். வான் பக்கத்தில் நின்ற பற்றிமா அவனைப் பார்க்கவில்லை. மெலனியும் பார்க்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமையே அவன் ரெம்ஷைட்டில் இருந்த கிறாமரிடம் காரைக் கொண்டுபோனான். இந்த வகை எஞ்சினைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் அந்தப் பகுதியில் அவரைவிட வேறு ஒருவரும் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். கிறாமர் கிளச்சுக்கு எண்ணெய் தள்ளுகிற பாகத்தை மாற்றினார். “இது பழசாகத்தான் இருந்தது,” என்றார். யூட்சன் நிம்மதியாகத் திரும்பினான். நெடுஞ்சாலைக்கு ஏறுகிற இடத்தில் கார் நின்றது.

ஒக்ரோபரில் மறுபடியும் போனான். இந்தமுறை கிறாமர் தானே சாரதி இருக்கையில் ஏறி, அவனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, மேடும் பள்ளமுமாக அரை மணித்தியாலம் ஓட்டினார். ஏற்றத்தில் நிறுத்தி நிறுத்திக் கிளப்பினார். ஒருதரமாவது அது உதறட்டும் என்று யூட்சன் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தான். கார் பூனை போல ஏறியது.

“கார் நன்றாக இருக்கிறது,” என்றார் கிறாமர். “எஞ்சின் அருமை. கிளச்சிலும் ஒன்றும் இல்லை.”

“அப்படியென்றால் எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொல்கிறீர்களா?”

“நான் அப்படிச் சொல்லவில்லை. காரில் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.”

“இருபது வருஷமாக ஓட்டுகிறேன். இப்படித்தானே உங்கள் வேலை? ஒரு பாகத்தை மாற்றுவது, பிறகு ஒன்றும் இல்லை என்று சொல்வது!”

கிறாமர் காரின் திறப்பை நீட்டினார். யூட்சன் கைகொடுக்காமல் வெளிக்கிட்டான். வீட்டுக்கு வந்து, சாப்பிடாமலேயே இணையத்தில் அந்தக் கறாஜைப் பற்றி எல்லாரும் வாசிக்கும்படி ஒரு நட்சத்திரம் போட்டு, ஏமாற்றுக்காரன் என்று எழுதினான். எழுதி முடித்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

நவம்பரில், இறந்தவர்களுக்கான தமிழ்ப் பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று வானைச் சில்வெஸ்டர் கடைச் சாமான் ஏற்றக் கொண்டுபோயிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பற்றிமா முதன்முதலாகச் சிவப்புக் காரில் ஏறினாள். மெலனி பின்னால் இருந்தாள்.

கோயில் நகரத்தின் வடக்குப் பக்க மேட்டில் இருந்தது. அந்தத் தெரு, படிக்கட்டை நிமிர்த்தி வைத்ததுபோலச் செங்குத்தாக ஏறும். பாதி ஏறியதும் விளக்குச் சிவந்தது. யூட்சன் நின்றான். பச்சை விழுந்தது. கார் உதறி அணைந்தது. கிளப்பினான், அணைந்தது. மூன்றாவது தரம் அவன் பிறேக்கை விட்டதும் கிளச்சும் கூடவே நழுவ, கார் பின்பக்கம் உருண்டுபோய்ப் பின்னால் நின்ற காரில் இடித்தது. மெலனி பயத்தில் குளறினாள். பின்காரிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். பின்னிருக்கையில் அவளுடைய குழந்தை இருந்தது. இடி பெரிதாக இல்லை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பெண் திரும்பித் திரும்பிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பற்றிமா மழைக்குள் இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டு, தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு, சுற்றிவந்து சாரதிப் பக்கக் கதவைத் திறந்தாள்.

“இறங்குங்கோ.”

“நான் என்ன செய்ய? கிளச்…”

“இறங்குங்கோ எண்டு சொல்லுறன்.”

அவன் இறங்கினான். ‘ஓட்டிப் பாரன், அப்பதான் உனக்கு விளங்கும்’ என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு அவள் தோற்கும்வரை காத்திருந்தான். நாளெல்லாம் இந்த மேட்டுத் தெருக்களில் வேலையிடம் கொடுத்த காரைக் கொண்டு திரிகிறவள் அவள். இருக்கையை முன்னுக்கு இழுத்தாள். கிளச்சை மிதித்தாள், கியரைப் போட்டாள், கைபிறேக்கை விட்டாள். கார் உதறவில்லை. பின்பக்கம் ஒரு விரலளவும் போகவில்லை. மெல்ல மேலேறி, இரண்டாவது கியருக்கு மாறி, தெருவின் உச்சிவரை ஒரே சீராகப் போயிற்று. உச்சியில் இன்னொரு விளக்கு. அங்கேயும் நின்று, அங்கேயும் ஏறியது.

கண்ணாடி துடைப்பான் போய் வந்துகொண்டிருந்தது. பற்றிமாவின் முகத்தில் முதலில் ஒரு வெற்றி இருந்தது. பிறகு அது மெதுவாகக் கழன்று போனதை யூட்சன் கண்டான். கோயிலுக்குப் பக்கத்தில் காரை விட்டுவிட்டு அவள் மெலனியிடம், “நீ உள்ள போய் இடம் பிடி, வாறம்,” என்றாள்.

மெலனி போனதும் அவள் இறங்கி வந்து, அவன் பக்கக் கதவைத் திறந்து, ஈரத் தரையில் குந்தினாள்.

“சப்பாத்தைக் கழட்டுங்கோ. ரெண்டையும்.”

“விசரோ உனக்கு? ஆக்கள் பாக்கினம்.”

அவளே கழற்றினாள். சாறியின் கீழ்க்கரை நனைந்துகொண்டிருந்தது.

“குதிக்காலை நிலத்தில வச்சுக்கொண்டு முன்பாதத்தை மேல தூக்குங்கோ.”

அவன் தூக்கினான். வலது பாதம் எழும்பியது. இடது பாதம் கிடந்த இடத்தில் கிடந்தது.

“மற்றதையும் தூக்குங்கோ.”

“தூக்கிறன்தானே,” என்றான் யூட்சன்.

அவன் உண்மையாகவே தூக்கிக்கொண்டுதான் இருந்தான். பற்றிமா அந்தப் பாதத்தைக் கையில் ஏந்தி, உள்ளங்கையை அடிப்பாதத்தில் வைத்து, “என்ர கையை அமத்துங்கோ,” என்றாள். அவன் அமத்தினான். அவள் தலையை நிமிர்த்தவில்லை. கனபேரின் கால்களைக் கழுவித் துடைத்துக் காலுறை போட்டுவிடுகிற கை அது. அந்தக் கைக்கு அவள் சொல்லாமலேயே விஷயம் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்தது.

“எப்ப இருந்து?”

“கார் வாங்கினாப்பிறகுதான்…”

“காரை விடுங்கோ!” என்று அவள் கத்தினாள். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு வைத்தியர்கள். நரம்பு வைத்தியரைச் சந்திக்கத் தெர்மின், அதாவது ஒரு நாள், கிடைக்கவே குளிர்காலம் பாதி போய்விட்டது. ஊசிகளைத் தசைக்குள் ஏற்றி மின்சாரம் பார்த்தார்கள். முதுகில் நீர் எடுத்தார்கள். தலையைப் படம் பிடித்தார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் அனுப்பினார்கள். யூட்சன் முதுகெலும்பில் ஏதோ அழுத்துகிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அப்படி என்றால் வெட்டி எடுத்துவிடலாம் என்று எங்கேயோ வாசித்திருந்தான். பல்கலைக்கழக மருத்துவமனையில் இளம் வைத்தியப் பெண் ஒருத்திதான் கடைசியில் சொன்னாள். மூன்று எழுத்தில் பெயர் வைத்த நோய். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். கால், கை, பேச்சு, விழுங்குதல், மூச்சு. புத்தி அப்படியே இருக்கும். மாற்ற மருந்து இல்லை, மெதுவாக்க மட்டும் ஒன்று உண்டு. அவள் எதையும் மறைக்காமல், ஆனால் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். பிறகு கார் ஓட்டுவதை நிறுத்தவேண்டும் என்றும் சொன்னாள்.

வெளியே நடைக்கூடத்தில் பற்றிமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யூட்சன் கதிரையில் இருந்தான்.

“கிறாமரிட்ட ஒருக்காப் போகோணும்,” என்றான்.

“ஆர் கிறாமர்?”

“ரெம்ஷைட் கறாஜ்காரன். அந்த மனுசனை நான் கள்ளன் எண்டு எழுதிப்போட்டன், பற்றிமா.”

எழுதியதை அன்றைக்கே அழித்தான். அடுத்த கிழமை பற்றிமா அவனைச் சிவப்புக் காரில் ரெம்ஷைட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கைத்தடியோடு உள்ளே வந்தவனைக் கிறாமருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. யூட்சன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தைச் சொன்னான்: “பிழை காரில் இல்லை, என் காலில். உங்களைத் தவறாகப் பேசிவிட்டேன்.” நோயின் பெயரையும் சொன்னான். கிறாமர் கையில் இருந்த துணியை மடித்தார், விரித்தார். பிறகு வெளியே போய்க் காரின் முன்மூடியைத் திறந்து ஒயிலைப் பார்த்து, குறைந்ததை ஊற்றி, கண்ணாடி கழுவும் நீரையும் நிரப்பி, மூடினார். காசு வாங்கவில்லை.

செய்தி தெரிந்த அன்று சில்வெஸ்டர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நெடுநேரம் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், எழும்பும்போது சொன்னார்:

“அந்தச் சனியனை முதல்ல வெளியில அனுப்படா தம்பி. அது வாசலுக்கு வந்த நாளில இருந்துதான் எல்லாம். எத்தினை பேர் சொன்னம்.”

“காரில ஒரு பிழையும் இல்லை அண்ணை.”

“பிழை இல்லையெண்டே சொல்லுறாய்? கேவலாரில நாங்கள் எல்லாரும் சேந்து தள்ளேல்லையோ?”

“அண்டைக்கு நிண்டது கார் இல்லை, நான்! என்னைத்தான் நீங்கள் தள்ளினீங்கள்! விளங்குதோ? அது நல்லா ஓடிச்சுது. அதுக்கு ஒண்டும் இல்லை, ஒண்டும் இல்லை!”

அவன் அண்ணனுக்கு முன்னால் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. சில்வெஸ்டர் மனைவியோடு வெளியே போனார். படிக்கட்டில் அவர் விம்முகிற சத்தம் கதவுக்கு உள்ளேயும் கேட்டது.

வசந்தம் வந்தபோது வலது காலும் போகத் தொடங்கியது. கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்த ஒரு வீடு கிடைத்து, அங்கே மாறினார்கள். வானுக்குச் சக்கர நாற்காலி ஏறுகிற பலகை பூட்டினார்கள். சிவப்புக் காரில் அவன் கடைசியாகப் போனது மெலனியின் பள்ளி விழாவுக்கு. அந்தக் கார் நிலத்தோடு நிலமாக இருப்பதால் இறங்கும்போது அவனால் எழும்ப முடியவில்லை. மெலனி அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கப்பார்த்தாள். பிறகு அவளுடைய வகுப்புப் பெடியன் ஒருவன் வந்து, “மன்னிக்க வேண்டும்,” என்று கேட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். அன்றைக்குப் பிறகு யூட்சன் அதில் ஏறவில்லை. விற்றுவிடச் சொன்னான்.

விளம்பரம் போட்டார்கள். ஆட்கள் வந்தார்கள். சன்னல் ஓரக் கட்டிலில் கிடந்தபடி, வெளியே பற்றிமா அவர்களோடு கதைப்பது யூட்சனுக்குக் கேட்கும். முதலில் வந்தவன் ஒழுங்காகப் பராமரிக்க மாட்டான் போலிருக்கிறது என்றாள். இரண்டாவது ஆள் மிகவும் இளம் பெடியன், எங்கேயாவது கொண்டுபோய் அடித்துக்கொள்வான் என்றாள். பிறகு வந்த ஒரு கலியாணம் கட்டிய சோடிக்குக் கார் பிடித்திருந்தது. கேட்டதைக் கொடுக்கவும் இருந்தார்கள். அவர்களிடம் பற்றிமா, கார் ஏற்கெனவே விலைப்பட்டுவிட்டது என்று சொன்னதை அவன் சன்னலுக்கு உள்ளே கிடந்து கேட்டான்.

அவள் வந்து அவனுக்கு வைத்தியர் எழுதிய மருந்தைக் கொடுத்துவிட்டு, “அவைக்குப் பிடிக்கேல்லயாம்,” என்றாள்.

அவன் மருந்தை விழுங்கிவிட்டுச் சன்னல் பக்கம் பார்த்தான்.

கைகளும் ஓய்ந்துபோன அந்தக் கோடை முழுவதும் ஒரு பழக்கம் வளர்ந்தது. பின்னேரத்தில் பராமரிப்பு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்து அவனைக் கழுவித் துடைத்து, கைகால்களை அசைத்துவிடுவாள். அந்த நேரத்தில் பற்றிமா கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளிக்கிடுவாள். வானில் போவதில்லை. எஞ்சின் கிளம்பும், சூடேறும்வரை வாசலில் நிற்கும், பிறகு தெருமுனையில் இரண்டாவது கியர், பள்ளத்தில் மூன்றாவது. அதற்கு மேல் கேட்காது. கடை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் போய்வர நேரம் எடுத்தது. திரும்பி வந்த பிறகும் உடனே இறங்குவதில்லை. எஞ்சின் அணைந்த பிறகு கதவு திறக்கும் சத்தத்துக்காக யூட்சன் காத்துக்கொண்டு கிடப்பான். அந்த இடைவெளி நாளுக்கு நாள் நீண்டது.

அவனுக்கு அது விளங்கியது. விளங்கியதால் நோவு குறையவில்லை. தன்னைத் தூக்கி, திருப்பி, ஊட்டி, இரவில் சளியை உறிஞ்சி எடுத்துவிட்டு, அடுத்த நாள் மற்றவர்களின் தாய்தகப்பனுக்கும் அதையே செய்கிறவள் அவள் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டான். சொல்லி முடிக்கும்போதே எரிச்சல் வந்தது. அவன் ஆசைப்பட்டு வாங்கியதை அவள் ஓட்டுகிறாள். அவன் கேட்டுக்கொண்டு கிடக்கிறான். ஏறமாட்டேன் என்று சொன்னவள். அந்த முள் சிவப்புக்குப் போகும்போது அவளும் தனியே சிரிப்பாளோ? சிரிப்பாள் என்றுதான் அவனுக்குப் பட்டது. அதை நினைத்தால் நித்திரை வராது.

செப்ரெம்பரில் ஒருநாள் அவள் மிகவும் பிந்தி வந்தாள். பராமரிக்க வந்த பெண் போய்விட்டாள். மெலனி இரண்டுதரம் தாய்க்கு அழைத்தும் பதில் இல்லை. கார் வந்து நின்றதும் மெலனி வாசலுக்கு ஓடினாள். பற்றிமா கையில் கடைப்பை இல்லாமல் உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது. அழுத முகமா, காற்றுப்பட்ட முகமா என்று யூட்சனால் பிரிக்க முடியவில்லை.

“எங்க… போனனீ?” அவனுக்கு இப்போது ஒவ்வொரு சொல்லையும் தூக்கிவைக்க வேண்டியிருந்தது.

அவள் கட்டில் விளிம்பில் இருந்தாள். பொய் சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடினாள்.

“ஓட்டோபான் பெருந்தெருவுக்கு ஏறினனான். டுசெல்டோர்ப் பக்கம். றைன் ஆத்துப் பாலம் வரைக்கும் போட்டு வந்தனான்.”

“ஏன்?”

“ஒண்டுக்குமில்லை. சும்மா.” அவள் தன் கைகளைப் பார்த்தாள். “பாலத்துக்கு அங்கால திரும்பேக்க, திரும்பாமல் போயிடுவமோ எண்டு ஒருக்கா மனசில வந்தது. பெலத்த பயமாப் போச்சுது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

யூட்சன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். கழுத்து மட்டும்தான் இன்னும் அவன் சொன்னபடி கேட்டது. அவள் எழும்பிப்போய்ச் சாப்பாட்டைக் கரைத்துக்கொண்டு வந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் கரண்டியைப் பிடித்தபடியே இருந்தாள். கை உளைந்தபோது மற்றக் கைக்கு மாற்றினாள். அவளுடைய மூச்சு அவனுக்குக் கேட்டது. நாள் முழுக்க வேலை செய்தவளின் மூச்சு.

கடைசியில் அவன் திரும்பினான். நாலு கரண்டி சாப்பிட்டான். ஐந்தாவதில் புரையேறி, அவள் நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தட்டி, வாயைத் துடைத்துவிட்டாள்.

“எவ்வளவு… போனது?” என்று கேட்டான்.

“என்ன?”

“வேகம்.”

அவள் அவனைப் பார்த்தாள். கோபத்தில் கேட்கிறானா என்று பார்த்தாள். அவனுக்கே அது தெரியவில்லை.

“இருநூறு,” என்றாள் மெதுவாக. “கொஞ்ச நேரம்தான்.”

“விக்க… வேண்டாம்.”

“இல்லையப்பா, வித்துப்போடுவம். நான் இனிப் போகமாட்டன். சத்தியமா.”

அவள் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் படுத்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் அவள் போகவில்லை. பராமரிக்க வந்த பெண்ணோடு சேர்ந்து அவனைக் கழுவினாள், படுக்கை விரிப்பு மாற்றினாள், இரண்டுதரம் சன்னல் பக்கம் போய் நின்றாள். அதற்கு அடுத்த நாள் போனாள்.